சருக்கரை என்னும் ஆகுபெயர்: சிறுநீர்த் தேர்வு பற்றிய ஓர் ஆய்வு

ஒரு பொருளின் இயற்பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொரு பொருளுக்கு வழிவழியாக வழங்கி வருதலை ஆகுபெயர் என்பர் இலக்கண நூலார். தொல்காப்பியர் இதனை வேற்றுமை மயங்கியலில் வைத்து விளக்கினார். நன்னூலார் பெயரியலில் இதன் வகைகளைத் தொகுத்துரைத்தார். செய்யுளிலும் உலக வழக்கிலும் ஆகுபெயர் சொற்சுருக்கம் தருவது. பொருளுக்கு அழகும் சேர்ப்பது. ஆனால் அளந்து கூற வேண்டிய அறிவியற் செய்திகளில் ஆகுபெயரும் இயற்பெயரும் ஒரே வடிவில் வந்து நின்றால், எது எனத் தெளியாத மயக்கம் தோன்றும். அத்தகைய மயக்கம் ஒன்றனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அது 'சருக்கரை' என்னும் சொல்லைப் பற்றியது.

'அவருக்குச் சருக்கரை இருக்கிறது' என்று ஒருவர் கூறினால், அங்குச் சருக்கரை என்பது ஒரு நோயைக் குறிக்கின்றது. சிறுநீரில் சருக்கரை தோன்றுவது அந்நோயின் விளைவு. விளைவின் பெயர் அதற்குக் காரணமாகிய நோய்க்கு ஆகி வந்தமையின் இதனைக் காரியவாகுபெயர் எனல் பொருந்தும். ஆய்வுக்கூடத் தாளில் 'சிறுநீர் - சருக்கரை இல்லை' என்று எழுதப்படும்போது, அங்குச் சருக்கரை என்பது இயற்பெயர்; கண்ணாடிக் குழாயில் இருந்த சிறுநீரில் அப்பொருள் காணப்படவில்லை என்பதே அதன் பொருள். தாளைப் பெறுபவரோ அதனை ஆகுபெயராகவே கொள்கின்றார். 'எனக்குச் சருக்கரை இல்லை' என்று மகிழ்ந்து செல்கின்றார். எழுதியவர் பொய் கூறவில்லை. படித்தவர் பிழையாகப் படிக்கவும் இல்லை. ஆயினும் இருவருக்கும் இடையே உண்மை தவறிப் போகின்றது. இத்தவறு எத்துணைப் பெரியது என்பதை அறிய, நோயின் பெயர்களையும் தேர்வின் இயல்பையும் முறையே காண்போம்.

1. நோயின் பெயர்கள்

தமிழில் இந்நோய்க்கு வழங்கும் பெயர்களுள் 'நீரிழிவு' குறிக்கத்தக்கது. இழிதல் என்பதற்கு மேலிருந்து கீழ் இறங்குதல் என்பது பழம்பொருள். அருவி மலையினின்று இழிகின்றது என்பது பண்டை வழக்கு. எனவே நீரிழிவு என்பது உடம்பினின்று நீர் மிகுதியாக இறங்கி ஒழுகுதல் எனப் பொருள்படும். இழிவு என்பதற்குத் தாழ்வு, இகழ்ச்சி என்னும் பொருள்களே இன்று முதலில் தோன்றுதலின், சிலர் இப்பெயரைச் சொல்லக் கூசுவர். அக்கூச்சத்திற்குச் சொல்லில் இடமில்லை.

கிரேக்க மொழியில் வழங்கிய 'டயபெட்டிசு' என்னும் பெயரும் ஊடாகக் கடந்து செல்லுதல் என்னும் கருத்தினின்று பிறந்தது. பருகிய நீர் உடம்பில் தங்காது குழாயினூடு செல்வதுபோல் வெளியேறும் நிலையை அது சுட்டும். கப்படோசிய நாட்டு மருத்துவர் அரேத்தேயசு இந்நோயைத் தசை உருகிச் சிறுநீராகக் கழிவதுபோல் விளங்குவது என வருணித்தார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருமொழியினர் ஒரே காட்சியைக் கண்டு ஒத்த கருத்துடைய பெயர்களை இட்டமை நோக்கத்தக்கது.

'மதுமேகம்' என்பது வடமொழி வழி வந்தது. மேகம் என்பது ஈண்டு முகிலைக் குறியாது. சிறுநீர் கழித்தல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லினின்று தோன்றியது. சரகரும் சுசுருதரும் பிரமேகம் இருபது வகைப்படும் என்றனர். மதுமேகம் அவற்றுள் ஒன்று. எறும்பும் வண்டும் உடம்பையும் சிறுநீரையும் நாடி வருதலைச் சரகர் இந்நோயின் முற்குறிகளுள் ஒன்றாக வைத்தார். தமிழ் வழக்கில் 'மேகநோய்' என்பது பால்வினை நோய்களுக்கும் பெயராகிவிட்டமையால் மதுமேகம் என்னும் சொல்லிலும் மயக்கம் புகுந்தது. யாழ்ப்பாணத்தார் சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் வழங்குவர். தெலுங்கிலும் மதுமேகம், சக்கெர வியாதி என்னும் இரு வழக்குகளும் உண்டு.

இப்பெயர்கள் அனைத்தையும் ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை புலப்படும். ஒன்று நீரின் மிகுதியைக் கூறுகின்றது. ஒன்று நீரின் இனிமையைக் கூறுகின்றது. ஒன்று அவ்வினிமைக்குக் காரணமான பொருளைக் கூறுகின்றது. எதுவும் நோயின் இருப்பிடத்தைக் கூறவில்லை. உடம்பினின்று வெளியே வந்தது எதுவோ அதனைக் கொண்டே நோய்க்குப் பெயரிட்டனர் முன்னோர். அவர்கள் கண்ணுக்கு எட்டியது அதுவே.

2. சித்த மருத்துவ நூல்களில் நீர்க்குறி

நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகிய எட்டும் சித்த மருத்துவர் நோயறியும் வாயில்கள். இவற்றுள் இறுதியில் நின்ற சிறுநீர்த் தேர்வு, நீர்க்குறி என்றும் நெய்க்குறி என்றும் இருபாற்படும். தேரையர் பெயரால் வழங்கும் நூல் இவ்விரண்டனையும் விரித்துரைக்கின்றது. நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்னும் ஐந்தும் நீர்க்குறியில் நோக்கப்படும். சிறுநீரில் நல்லெண்ணெய்த் துளி ஒன்றை இட்டு, அஃது அரவுபோல் நீள்கின்றதா, ஆழிபோல் வட்டமிடுகின்றதா, முத்துப்போல் நிற்கின்றதா எனக் கண்டு, முறையே வாதம், பித்தம், கபம் எனத் துணிவது நெய்க்குறி.

இம்முறையில் யாம் வியந்து போற்றுவது ஒன்றுண்டு. முதல்நாள் உணவு அளவறிந்து உண்ணப்பட்டிருத்தல் வேண்டும்; நன்கு உறங்கியிருத்தல் வேண்டும்; காலைச் சிறுநீரைத் தெளிந்த கலத்தில் ஏற்று ஒரு முகூர்த்தமாகிய ஒன்றரை மணி நேரத்துக்குள் நோக்குதல் வேண்டும் என நூல் விதிக்கின்றது. எடுக்கும் காலமும் முன்னுண்ட உணவும் சிறுநீரின் இயல்பை மாற்றும் என்பதை அவ்வாசிரியர் நன்கு அறிந்திருந்தார். இக்கால ஆய்வுக்கூடங்களும் இக்கட்டுப்பாட்டையே வேறு சொற்களால் வற்புறுத்துகின்றன.

ஆயின் அன்றே சிறுநீர்ச் சருக்கரையை வேதியல் முறையில் சித்தர்கள் கண்டுவிட்டனர் என்று கூறுவோர் கூற்றை யாம் ஏற்க இயலவில்லை. மேற்கூறிய ஐந்தனுள் சுவை இடம்பெறவில்லை. சருக்கரை கலந்த சிறுநீர் அடர்த்தி மிகுதலின், எடை என்னும் உறுப்பு அதனை ஓரளவு உணர்த்தியிருத்தல் கூடும். ஆனால் எடை மிகுதற்கு வேறு காரணங்களும் உள. எண்ணெய்த் துளியின் பரவல் முக்குற்றங்களைக் காட்டுதற்கு அமைந்தது. சருக்கரையைத் தனித்துக் காட்டுதற்கு அமைந்ததன்று. பழைய நூலுக்கு அதன் பெருமையை அளிப்பதற்கு அது கூறாததனை அதன்மேல் ஏற்ற வேண்டுவதில்லை.

3. சுவையினின்று வேதியலுக்கு

மேலைநாட்டில் 1674இல் தாமசு வில்லிசு என்னும் ஆங்கில மருத்துவர் இந்நோயாளரின் சிறுநீர் தேன் போன்ற இனிமையுடையது என எழுதினார். லிவர்ப்பூல் நகரத்து மாத்தியூ தாப்சன் 1776இல் அச்சிறுநீரைக் காய்ச்சி வற்றச் செய்து, எஞ்சிய பொருள் சருக்கரையே எனக் காட்டினார். அவர் மற்றொன்றும் கண்டார்: அந்நோயாளரின் குருதிநீரும் இனித்தது. சிறுநீரகம் சருக்கரையை உண்டாக்கவில்லை, குருதியில் முன்னரே இருந்ததனை வெளியேற்றுகின்றது என்னும் உண்மை இதனால் வெளிப்பட்டது. நோயின் இடம் சிறுநீரினின்று குருதிக்கு மாறிய நாள் அதுவே எனலாம். பிரெஞ்சு வேதியலார் செவ்ரல் 1815இல் அச்சருக்கரை திராட்சையில் உள்ள சருக்கரையாகிய குளுக்கோசே என நிறுவினார். கணையத்தை நீக்கிய நாய்க்கு நீரிழிவு தோன்றுதலை மெரிங்கும் மின்கோவுசுகியும் 1889இல் கண்டனர். தொராண்டோ நகரில் 1921இல் இன்சுலின் கண்டறியப்பெற்று, அடுத்த ஆண்டே நோயாளருக்கு அளிக்கப்பட்டது.

சிறுநீர்ச் சருக்கரையைக் காட்டும் வேதியல் தேர்வுகளுள் பெலிங்கு கண்ட முறை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியினது. அமெரிக்க வேதியலார் பெனிடிக்டு 1908இல் அமைத்த கரைசல் அதனினும் எளியதாய், நெடுநாள் கெடாது நிற்பதாய் விளங்கியமையின் உலகெங்கும் பரவியது. மயில்துத்தம், சோடியம் சிட்டிரேட்டு, சோடியம் கார்பனேட்டு ஆகிய மூன்றும் சேர்ந்த நீலக்கரைசல் அது. அதில் 5 மில்லி லிட்டர் எடுத்து, 8 துளி சிறுநீர் சேர்த்து, இரண்டு நிமிடம் கொதிக்க வைத்து ஆற விடுவர். நீலம் மாறாதிருப்பின் சருக்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், செங்கல் நிறம் என மாறுமாயின் முறையே அளவு மிகுகின்றது எனக் கொள்வர். செங்கல் நிறம் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கும் அதற்கு மேலும் சருக்கரை உண்மையைக் காட்டும். குளுக்கோசு செம்பின் உப்பை ஒடுக்கிச் சிவந்த செம்பு ஆக்சைடாக மாற்றுதலே இந்நிறமாற்றத்தின் காரணம்.

ஈண்டும் சொல்லாய்வுக்கு உரிய செய்தி ஒன்றுண்டு. நாம் அடுக்களையில் வைத்துள்ள கரும்புச் சருக்கரையைத் தூய நீரில் கரைத்து இத்தேர்வைச் செய்தால் நீலம் மாறாது. கரும்புச் சருக்கரை செம்பை ஒடுக்கும் ஆற்றல் இல்லாதது. ஆகவே 'சருக்கரை நோய்' என்பதிலுள்ள சருக்கரை நாம் காப்பியில் இடும் சருக்கரை அன்று. அரிசிச் சோறும் கேழ்வரகுக் களியும் செரித்தபின் குளுக்கோசாகவே குருதியில் சேர்கின்றன. 'யான் சருக்கரையே உண்பதில்லை. எனக்கு எவ்வாறு சருக்கரை நோய் வரும்?' என்று வினவுவோர் பெயரால் மயங்கியவரே ஆவர்.

பெனிடிக்டு தேர்வு குளுக்கோசை மட்டும் காட்டுவதன்று. பாலூட்டும் மகளிரின் சிறுநீரில் தோன்றும் பாற்சருக்கரையும், மிகுதியாக உண்ட வைட்டமின் சியும் அந்நிறமாற்றத்தைத் தரக்கூடும். 1956இல் விற்பனைக்கு வந்த நொதி தோய்த்த தாட்கீற்றுகள் குளுக்கோசை மட்டும் தேர்ந்து காட்டின. ஆனால் அங்கு வைட்டமின் சி எதிர்மாறாக வேலை செய்து, உள்ள சருக்கரையை மறைத்துவிடவும் கூடும்.

4. கலங்கலும் ஏரியும்

இனி இவ்வாய்வின் நடுவிடத்திற்கு வருவோம். சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரைக் குருதியினின்று வடிக்கின்றன. அதனுடன் குளுக்கோசும் வடிகின்றது. நலமுடைய உடம்பில், வடிந்த குளுக்கோசு ஏறத்தாழ முழுவதையும் சிறுநீரக நுண்குழல்கள் மீண்டும் ஏற்றுக் குருதிக்கு அனுப்பிவிடுகின்றன. இவ்வாறு மீட்கும் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. குருதியில் 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லி கிராம் என்னும் அளவைக் குளுக்கோசு கடந்தால், மீட்க இயலாத பகுதி சிறுநீரில் வழிகின்றது. இவ்வெல்லையைச் சிறுநீரக வரம்பு என்று வழங்கலாம்.

திருவள்ளூர் மாவட்டத்து மக்களுக்கு இதனை விளக்குவது எளிது. அஃது ஏரிகள் நிறைந்த நாடு. ஏரி நிரம்பிய பின்னரே மிகுநீர் கலங்கல் வழியே வழியும். கலங்கலில் நீர் வழியவில்லை என்பது கொண்டு ஏரியில் நீரில்லை என்று எவரும் கூறார். சிறுநீர்த் தேர்வு கலங்கலை நோக்குவது. குருதித் தேர்வு ஏரியை நோக்குவது.

எண்களைக் கொண்டு நோக்கின் இதன் கடுமை தெளிவாகும். எட்டு மணி நேரமேனும் உண்ணாதிருந்த நிலையில் குருதிநீரில் 126 மில்லி கிராமும் அதற்கு மேலும் குளுக்கோசு இருத்தல் நீரிழிவைத் துணியும் அளவு. வழிதலோ 180 அளவில் தொடங்குகின்றது. இடைப்பட்ட நிலையில் உள்ள ஒருவர் வெறும் வயிற்றில் காலைச் சிறுநீர் தந்தால், அவர் நீரிழிவுடையவர். ஆயினும் குழாய் நீலமாகவே இருக்கும். முதியோர் சிலருக்கு வரம்பு உயர்ந்து நிற்றலின், குருதியில் மிக்க சருக்கரை இருந்தும் சிறுநீர் அதனைக் காட்டாது. கருவுற்ற மகளிர்க்கு வரம்பு தாழ்தலின், நோயின்றியும் சருக்கரை வழிதல் உண்டு. பிறவியிலேயே வரம்பு தாழ்ந்தவரும் உளர். 2010ஆம் ஆண்டுகளில் பயன்பாட்டுக்கு வந்த டபாகிளிப்ளோசின் போன்ற மருந்துகள் குளுக்கோசு மீட்கப்படுதலைத் தடுத்து அதனை வேண்டுமென்றே சிறுநீரில் கழியச் செய்கின்றன. அம்மருந்தை உண்பவரின் சிறுநீரில் சருக்கரை தோன்றுதல் மருந்து வேலை செய்தற்கு அடையாளமேயன்றி நோய் முற்றியதற்கு அடையாளம் அன்று.

அளவை நூலார் கூறும் எடுத்துக்காட்டு ஒன்று ஈண்டுப் பயன்படும். புகை கண்ட இடத்தில் தீ உண்டு எனத் துணிதல் முறை. ஆனால் புகை இல்லை எனக் கண்டு தீயும் இல்லை எனத் துணிதல் முறையன்று. பழுக்கக் காய்ந்த இரும்புருண்டையில் தீ உண்டு, புகை இல்லை. மூடுபனியைப் புகை என மயங்குதலும் உண்டு. சிறுநீர்ச் சருக்கரை புகை போன்றது. தோன்றின் ஐயுற்றுக் குருதியைத் தேர்தல் வேண்டும். தோன்றாவிடின் எதனையும் துணிதல் ஆகாது.

5. கும்மிடிப்பூண்டியும் இத்தேர்வும்

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை அடுத்து, கொல்கத்தா நெடுஞ்சாலையில் அமைந்தது கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழில் வளாகத்தாலும் எஃகு உருட்டாலைகளாலும் வார்ப்பாலைகளாலும் அறியப்படுவது. தமிழரும் தெலுங்கரும் வடமாநிலத்தாரும் அங்கு ஒருங்கே உழைக்கின்றனர். சிறுநீர்த் தேர்வின் குறைபாடு இத்தகைய ஊரில் மும்மடங்காகப் பெருகும் என்பது எம் கருத்து.

முதலாவது, நோயின் வெளிப்படைக் குறிகள் அங்கு மறைகின்றன. மிகு நீர்வேட்கை, களைப்பு, உடல் மெலிவு ஆகியன நீரிழிவின் குறிகள். உலையின்முன் எட்டு மணி நேரம் நிற்பவருக்கு இம்மூன்றும் தொழிலின் இயல்பாகவே தோன்றும். தாகம் எடுத்தால் வெப்பத்தின்மேல் பழி; மெலிந்தால் உழைப்பின்மேல் பழி. வியர்வையாக நீர் கழிதலின் சிறுநீர் மிகுதலாகிய குறியும் தெளிவாகப் புலப்படாது போகலாம்.

இரண்டாவது, காலம் மாறுகின்றது. சிறுநீர் என்பது சென்ற சில மணி நேரத்தில் சிறுநீர்ப்பையில் சேர்ந்தது. அது கடந்த காலத்தைக் கூறுவதேயன்றி அந்நொடியைக் கூறுவதன்று. இரவு முறையில் உழைத்து விடியலில் உண்டு பகலில் உறங்குபவருக்குக் 'காலை வெறும் வயிறு' என்னும் தொடர் பொருள் இழக்கின்றது. எப்போது உண்டார் என வினவாது எடுக்கப்படும் சிறுநீர் எதனையும் உறுதியாகக் கூறாது.

மூன்றாவது, தாளின் மொழி. 1987இல் திருத்தப்பட்ட 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இடர்மிக்க பொருள்களைக் கையாளும் தொழிலாளருக்கு வேலைக்கு முன்னும் பின்னர் ஆண்டுதோறும் மருத்துவ ஆய்வு வேண்டும் என வகுத்தது. இத்தகைய ஆய்வு உழைப்பாளர் பலருக்கு மருத்துவரைக் காணும் அரிய வாய்ப்பு. அவ்வாய்ப்பில் சிறுநீர் மட்டும் தேரப்பட்டு, 'சருக்கரை இல்லை' என்னும் சொல் மட்டும் கையில் தரப்படுமாயின், தமிழில் படிப்பவரும் தெலுங்கில் கேட்பவரும் இந்தியில் உணர்பவரும் ஒருசேர அதனை நோயின்மைச் சான்றாகவே கொள்வர். மூன்று மொழியிலும் நோயின் பெயர் இனிப்பின் பெயரே.

இஃது எண்ணிக்கையில் சிறியதொரு செய்தியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நிகழ்ந்து 2023இல் வெளியான பேராய்வு, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையர் எனவும், வயது வந்தோருள் அஃது 11.4 விழுக்காடு எனவும் கணக்கிட்டது. நோயின் முன்னிலையில் உள்ளோர் 15.3 விழுக்காடு. இம்முன்னிலையினரின் வெறும் வயிற்றுச் சிறுநீர் நீலமாகவே இருத்தல் இயல்பு. உணவாலும் உடற்பயிற்சியாலும் நோயைத் தடுக்கத்தக்க நிலை அதுவே. சிறுநீர்த் தேர்வு வாய்திறவாத நிலையும் அதுவே.

6. தேர்வுக்கு உரிய இடம்

இவ்வாறு கூறுதலால் சிறுநீர்த் தேர்வை இகழ்ந்தோம் என்று கொள்ளற்க. வீட்டிலேயே குருதிச் சருக்கரை காணும் கருவி பரவுதற்கு முன்னர், இன்சுலின் அளவை அறிதற்கு நோயாளர் கையிலிருந்த வழி இதுவே. பேராசிரியர் எம். விசுவநாதன் 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு கண்டு, 1954இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையும் நிறுவிய அக்காலத்தில், நீலக்கரைசலும் சாராய விளக்கும் நோயாளர் பலரின் வாழ்வோடு பிணைந்திருந்தன. சிறுநீரில் கீட்டோன் என்னும் பொருளைக் காணுதல் இன்றும் உயிர்காக்கும் தேர்வு. ஆல்புமின் என்னும் புரதத்தின் அளவைக் காணுதல் சிறுநீரகம் பழுதுறுதலை முன்னரே உணர்த்தும். நோயைத் துணிதற்கு மட்டும் சிறுநீர் போதாது. அதற்கு வெறும் வயிற்றுக் குருதித் தேர்வும், குளுக்கோசு பருகி இரண்டு மணி நேரத்துக்குப் பின் செய்யும் தேர்வும், ஏறத்தாழ மூன்று திங்கள் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி தேர்வும் உள்ளன. இறுதியிற் கூறியதில் 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நோயைக் காட்டும். தமிழக அரசு 2021 ஆகசுட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்நோயாளரின் இல்லத்துக்கே மருந்தைக் கொண்டு சென்றது. தேடி வரும் மருத்துவத்துக்கும் தெளிந்த சொல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை: நோயின் பெயர்கள் யாவும் அதன் குறியினின்று பிறந்தன. குறியின் பெயர் நோய்க்கு ஆகியமையால், குறி இல்லையேல் நோயும் இல்லை என்னும் பொய்த்துணிவு எழுகின்றது. சிறுநீரக வரம்பு என்னும் உண்மை அத்துணிவை மறுக்கின்றது.

மருத்துவர் செய்ய வேண்டுவது ஒருபுறம் இருக்க, தமிழ் கற்றோர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, அதற்கென நூல்களும் சொற்களும் ஆக்கினார். அப்பணி கலைச்சொற் பட்டியலோடு முடிவதன்று. நோயாளர் கையில் சேரும் தாளின் தொடர் வரையிலும் அது செல்லல் வேண்டும். 'சருக்கரை இல்லை' என்னும் இருசொல் தொடருக்கு மாற்றாக, 'இச்சிறுநீரில் குளுக்கோசு காணப்படவில்லை. இதனால் நீரிழிவு இல்லை எனத் துணிய இயலாது. குருதியைத் தேர்ந்து அறிக' என எழுதுமாறு யாம் பரிந்துரைக்கின்றோம். தெலுங்கிலும் இந்தியிலும் இதனையே பெயர்த்து உடன் அச்சிடலாம். நோயைத் தணிக்குமுன் அதன் முதலை ஆராய்தல் வேண்டும் என மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறிக்கு இஃது இயைந்தது. ஆகுபெயர் இன்னது, இயற்பெயர் இன்னது எனப் பிரித்துணரும் பயிற்சி வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று. உலையின்முன் நிற்கும் ஒருவரின் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் காத்தற்கும் அது பயன்படுமாயின், அதனினும் சிறந்த இலக்கணப் பயன் வேறில்லை.